அரசனின் காலடியில் கேட்ட ஒரு வரம்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரைச் சும்மா தொட்டுவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க ஜெர்மன் சரித்திர நாடகங்கள்தான். அவற்றில் வரும் வரிகளைப் பற்றி மனசாரப் பேச எனக்கும் ரொம்ப நாளாக ஆசை.

"சிந்திக்கும் சுதந்திரம் கொடுங்கள்" என்று ஒரு ஜெர்மன் நாடகத்தில் வருவதாக எங்கள் வகுப்பில் சொன்னார்கள். யார் யாரிடம் கேட்கிறார்? கேட்டது கிடைத்ததா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

கிடைக்கவில்லை. ஆனால் கேட்கிற அந்த ஒரு காட்சிக்காகவே நாடகம் முழுவதையும் படிக்கலாம்.

ஷில்லரின் 'டான் கார்லோஸ்', 1787இல் ஹாம்பர்க்கில் முதன்முதலாக மேடையேறியது. கதை நடப்பது அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னால், ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் அரண்மனையில். பாதி உலகம் அவன் கையில். ஆனால் ராத்திரி தூக்கம் இல்லை. மனைவி மேல் சந்தேகம், மகன் கார்லோஸ் மேல் சந்தேகம், சுற்றி இருப்பவர்கள் எல்லாம் ஏதோ ஒரு லாபத்துக்காகக் குனிகிறவர்கள். எனக்கு ஒரு மனிதனைக் கொடு என்று கடவுளிடம் கேட்டுவிட்டு, தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறான். போசா என்று ஒரு பெயர். அதற்கு இரண்டு முறை அடையாளம் போட்டிருக்கிறான், ஆனால் அந்த ஆள் எப்படி இருப்பான் என்றே ஞாபகம் இல்லை. இத்தனை நல்ல காரியம் செய்தும் இந்த ஆள் பரிசு கேட்டு ஏன் என் பக்கம் வரவே இல்லை என்பதுதான் ராஜாவுக்கு ஆச்சரியம். கூப்பிட்டு அனுப்புகிறான்.

போசா வந்து நிற்கிறான். ஏன் வேலையை விட்டாய் என்று ராஜா கேட்க, "என்னால் மன்னர்களுக்குச் சேவகனாக இருக்க முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். இதுவே அந்த நாட்டில் தலை போகிற பேச்சு. ஆனால் அவன் நிறுத்தவில்லை. தான் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்த, ராஜாவின் ஆட்சிக்குள் இருக்கும் ஃப்ளாண்டர்ஸைப் பற்றிச் சொல்கிறான். செழிப்பான, நல்ல மனிதர்கள் வாழும் மாகாணம், இப்படி ஒரு மக்களுக்குத் தகப்பனாக இருப்பது எவ்வளவு பெரிய பேறு என்று நினைத்துக்கொண்டே நடந்தபோது காலில் இடறியவை எரிந்துபோன மனித எலும்புகள் என்கிறான். மத விசாரணை, அதாவது திருச்சபைக்கு மாறான நம்பிக்கை உள்ளவர்களைத் தேடித் தண்டிக்கும் அமைப்பு, உயிரோடு எரித்தவர்களின் எலும்புகள். ராஜா தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறான்: என் ஸ்பெயினைப் பார், இங்கே எவ்வளவு அமைதி, இதே அமைதியைத்தான் அவர்களுக்கும் தரப்போகிறேன். அதற்கு போசா சட்டென்று சொல்வது:

"கல்லறைத் தோட்டத்தின் அமைதி!"

என்னைக் கேட்டால் இந்தக் காட்சியின் உச்சம் இதுதான், நீங்கள் கேட்ட வரிக்கு இரண்டாம் இடம்தான் தருவேன். அது கொஞ்சம் கழித்து வருகிறது. உங்கள் பேனாவை ஒரு முறை அசைத்தால் போதும், உலகமே புதிதாகப் பிறக்கும், சிந்திக்கும் சுதந்திரத்தைக் கொடுங்கள் என்று ராஜாவின் காலில் விழுகிறான். ராஜா கோபப்படவில்லை. "விசித்திரமான கனவுக்காரன்!" என்கிறான், எழுந்திரு என்கிறான், கடைசியில் குரலைத் தணித்து, என் மத விசாரணைக்காரர்களிடம் சிக்கிக்கொள்ளாதே, அப்படி நடந்தால் வருத்தப்படுவேன் என்று எச்சரிக்கிறான். யோசித்துப் பாருங்கள், நாட்டின் ராஜா தன் பெயரால் நடக்கும் அமைப்பிடமிருந்து ஓடு என்று சொல்கிறான்! அவன் கையில் எதுவுமே இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

முடிவு பயங்கரம். போசாவைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் தொண்ணூறு வயது, கண் தெரியாத தலைமை விசாரணை அதிகாரி ராஜாவைப் பார்க்க வருகிறார். போசாவின் வாழ்க்கை முழுவதும் ஆரம்பத்திலிருந்தே எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, அவன் எங்களுக்கு உரியவன், நீ ஏன் அவசரப்பட்டுக் கொன்றாய் என்று ராஜாவையே அதட்டுகிறார். ராஜா பள்ளிப் பையன் போல நின்று திட்டு வாங்குகிறான். நாடகத்தின் கடைசி வரி, பெற்ற மகனை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் சொல்வது: "கார்டினல், என் வேலையை நான் முடித்துவிட்டேன். உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள்."

சரித்திரத்தில் போசா என்று ஒருவர் கிடையாது, அவர் ஷில்லரின் கற்பனை. இளவரசன் கார்லோஸ் உண்மையில் இருந்தவர், 1568இல் தகப்பனின் காவலில் 23 வயதில் இறந்தார். மனநிலை சரியில்லாதவர் என்பதுதான் பதிவு, நாடகத்தில் வரும் இளைஞனுக்கும் அவருக்கும் பொருத்தம் குறைவு. ஆனால் இல்லாத போசாவின் வரிதான் நிஜமாகவே வேலை செய்தது. நாஜி ஆட்சியில் இந்த நாடகம் நடந்தபோது, சரியாக அந்த 'சிந்திக்கும் சுதந்திரம்' வரும் இடத்தில் அரங்கில் கைதட்டல் எழுந்தது. வெளியே வாயைத் திறக்க முடியாத ஜனங்கள், இருட்டில் உட்கார்ந்து, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வசனத்துக்குக் கைதட்டினார்கள். பாடநூல் கவிஞரின் வசனத்துக்குக் கைதட்டியதற்காக யாரைப் பிடித்துக்கொண்டு போவது?

வில்லியம் டெல் ஆப்பிளை அம்பால் அடித்த கதை தெரியும். அந்த நாடகத்தில் இருந்து பழமொழிகளே உருவாகி இருக்கின்றன என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

உண்மைதான் ஐயா. 'வில்லியம் டெல்' 1804 மார்ச்சில் வைமார் நகரில் மேடையேறியது. எழுதிய ஷில்லர் ஸ்விட்சர்லாந்துக்குப் போனதே இல்லை, அந்த மலைகளையும் ஏரியையும் நண்பர் கதே சொல்லியும் புத்தகங்களில் படித்தும் எழுதினார். அடுத்த வருஷமே ஷில்லர் இறந்துவிட்டார்.

பழமொழிகள் பிறந்த இடம் ஒரே ஒரு சின்னக் குடும்பக் காட்சி, மூன்றாம் அங்கத்தின் தொடக்கம். டெல் வீட்டு வாசலில் கோடரியும் கையுமாகக் கதவைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். பையன்கள் சின்ன வில்லை வைத்து விளையாடுகிறார்கள். நாண் அறுந்துபோகிறது. அப்பா, சரிபண்ணிக் கொடுங்கள் என்று மூத்தவன் வால்ட்டர் கேட்க, நான் மாட்டேன், நல்ல வில்லாளி தனக்குத் தானே உதவிக்கொள்வான் என்கிறான் டெல். இந்த வயதிலேயே அம்பு எய்யத் தொடங்கிவிட்டார்களே என்று தாய் ஹெட்விக் வருத்தப்பட, "விற்பன்னன் ஆக வேண்டியவன் சின்ன வயதிலேயே பழகுவான்" என்கிறான். ஜெர்மன் பேசும் வீடுகளில் குழந்தை சமையல்கட்டில் கரண்டியைப் பிடித்தால்கூட இன்றைக்கும் இதைச் சொல்வார்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலை யாரும் சொல்வதில்லை: "கடவுளே, இவர்கள் அதைக் கற்றுக்கொள்ளாமலே போகட்டும்!"

கதவு வேலை முடிந்ததும் டெல் சொல்வது இரண்டாவது பழமொழி: "வீட்டில் கோடரி இருந்தால் தச்சனைக் கூப்பிட வேண்டாம்." சொல்லிவிட்டுத் தொப்பியை எடுக்கிறான். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்க, ஆல்ட்டார்ஃபுக்கு, உன் அப்பாவைப் பார்க்க என்கிறான். ஆளுநர் கெஸ்லர் அங்கே இருக்கிறான், இன்றைக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே, எனக்கு என்ன பயம் என்று அவன் கிளம்ப, வால்ட்டரும் தாவிக்கொண்டு கூடவே போகிறான். கெஸ்லரின் உத்தரவால் ஆப்பிள் வைக்கப்படப்போகும் தலை அந்தப் பையனுடையது! கோடரி வசனத்தை இன்று வீட்டு ரிப்பேர் விளம்பரத்தில்கூடச் சிரித்துக்கொண்டே போடலாம். நாடகம் பார்க்கிறவர்களுக்கோ அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பலசாலிக்குத் தனியாக இருக்கும்போதுதான் பலம் அதிகம்" என்ற டெல்லின் வரியை வீரவசனமாக மேற்கோள் காட்டுகிறார்கள். கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராக நாம் ஒன்றுசேரலாம் என்று அழைக்க வந்த ஷ்டௌஃபாகரிடம் மறுத்துச் சொல்வது அது. கூட்டம் கூடி, நாம் ஒரே சகோதர இனமாக இருப்போம், எந்த ஆபத்திலும் பிரிய மாட்டோம் என்று ரூட்லி புல்வெளியில் ராத்திரியில் சபதம் எடுத்தபோது டெல் அங்கே இல்லை. தனியாக நின்றவன்தான் தனியாக மாட்டிக்கொண்டு, சொந்தப் பிள்ளையின் தலைக்கு நேரே அம்பைத் தொடுக்க வேண்டி வந்தது. ஷில்லர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார், நாம்தான் பாதியை எடுத்துக்கொண்டு போகிறோம்.

ஹிட்லர் ஆட்சி முதலில் இந்த நாடகத்தைத் தேசபக்தி நாடகம் என்று கொண்டாடியது. 1941இல் ஹிட்லரே உத்தரவிட்டு மேடையிலும் பள்ளியிலும் தடை செய்தார். கொடுங்கோலன் கெஸ்லரை டெல் மறைந்திருந்து கொல்லும் கதை என்பது அப்போதுதான் உறைத்திருக்கும்.

'வேலை முடிந்ததும் மூர் போகலாம்' என்ற வசனத்தை ஒரு கட்டுரையில் படித்தேன். யார் அந்த மூர்?
– வாசகர், விருதுநகர்

ஷில்லரின் இன்னொரு நாடகம், 1783இல் வந்த 'ஃபியஸ்கோ'. இத்தாலியில் ஜெனோவா நகரத்துச் சதி. ஃபியஸ்கோ பிரபு தன் உளவு வேலைக்கெல்லாம் வட ஆப்பிரிக்க மூர் ஒருவனைப் பயன்படுத்திவிட்டு, போதும் போ என்று அனுப்பிவிடுகிறான். பெரும்பாலோர் நினைப்பது போல எஜமான் சொல்லும் வசனம் இல்லை அது. வெளியே போகும்போது அந்த மூரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது: "மூர் தன் வேலையை முடித்துவிட்டான், மூர் போகலாம்." மனக்காயத்தோடு அவன் போகிறான். கடைசியில் கலவரத்தில் நகரத்துக்குத் தீ வைத்துப் பிடிபட்டு, அதே ஃபியஸ்கோவின் உத்தரவால் தூக்கில் தொங்குகிறான்.

ஸ்காட்லாந்து ராணி மேரியும் இங்கிலாந்து ராணி எலிசபெத்தும் நேருக்கு நேர் சந்தித்து மோதும் காட்சி மறக்க முடியாதது என்று என் மகள் சொல்கிறாள். சரித்திரத்தில் அப்படி நடந்ததா?
– இல்லத்தரசி, திருச்சி

நடக்கவே இல்லை. மேரி இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 19 வருஷம் காவலில் இருந்து, 1587 பிப்ரவரியில் ஃபாதரிங்கே கோட்டையில் தலை வெட்டப்பட்டார். அத்தனை வருஷத்தில் இரண்டு ராணிகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. 'மரியா ஸ்டூவர்ட்' (1800) நாடகத்தில் ஷில்லர் அவர்களை ஒரு பூங்காவில் சந்திக்க வைக்கிறார். மேரி உயிர்ப்பிச்சை கேட்கத்தான் வருகிறாள், மண்டியிடவும் செய்கிறாள். எலிசபெத் குத்திக் குத்திப் பேசப் பேச, அவள் பொறுமை உடைந்து, "நியாயம் ஆண்டிருந்தால் இப்போது நீ என் எதிரே புழுதியில் கிடப்பாய், ஏனென்றால் உன் அரசன் நான்!" என்று கொட்டித் தீர்த்துவிடுகிறாள். அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்துக்கு விலை அவள் உயிர் என்பது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் அவள் சொல்கிறாள், நமக்கும் அவள் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது.

ஆனால் உங்கள் மகளிடம் கடைசி வரியைக் கேட்டுப் பாருங்கள். மேரி இறந்தாயிற்று. எலிசபெத் பழியைச் செயலாளர் மேல் போட்டுவிட்டாள், நேர்மையான ஆலோசகர் பதவியை விட்டு விலகிவிட்டார், மிச்சம் இருப்பது அவள் காதலித்த லெஸ்டர் பிரபு மட்டும்தான். அவரை வரச் சொல்லுங்கள் என்கிறாள். பதில் வருகிறது: "பிரபு மன்னிக்கச் சொல்கிறார், அவர் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார்." அவள் தன்னை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்க, திரை விழுகிறது. அழுகை இல்லை, சாபம் இல்லை. இவ்வளவு சாதாரணமான ஒரு தகவல் வாக்கியத்தை வைத்து ஒரு மகாராணியை உலகத்தில் தன்னந்தனியாக நிற்க வைத்துவிட முடியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

ஜெர்மானியர்கள் "என் பாப்பன்ஹைம்காரர்களை எனக்குத் தெரியாதா" என்கிறார்கள். என் அலுவலகத்திலும் கேட்டேன். இது எங்கிருந்து வந்தது?
– ஐ.டி. ஊழியர், ஸ்டுட்கார்ட்

நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஷில்லருக்குப் பெரிய சிலை இருக்கிறது, அவர் படித்ததும் அங்கேதான். அந்த வரி அவருடைய 'வாலன்ஸ்டைன்' என்ற மூன்று பாக நாடகத்தில் வருகிறது. முப்பதாண்டுப் போரில் பேரரசரின் தளபதியாக இருந்து, எதிரியோடு பேச்சு நடத்தினார் என்று 1634இல் எகர் நகரில் கொல்லப்பட்டவர் வாலன்ஸ்டைன்.

இன்றைக்கு அந்த வாக்கியத்தை, இவன்கள் என்ன பண்ணுவான்கள் என்று எனக்குத் தெரியும் என்ற கிண்டலில்தான் சொல்வார்கள். நாடகத்தில் அது முழுப் பாராட்டு. தளபதி துரோகி என்று வதந்தி. பாப்பன்ஹைம் படைப்பிரிவிலிருந்து பத்துக் குதிரைவீரர்கள் நேரே வந்து, மற்றவர்கள் சொல்வதை நாங்கள் நம்ப மாட்டோம், உங்கள் வாயால் சொல்லுங்கள், நம்புகிறோம் என்கிறார்கள். அதற்குத்தான் வாலன்ஸ்டைன் நெகிழ்ந்து, "இதில்தான் என் பாப்பன்ஹைம்காரர்களை அடையாளம் காண்கிறேன்" என்கிறார். கிட்டத்தட்ட அவர்களை வென்றும்விட்டார். அந்த நேரம் பார்த்து இன்னொரு அதிகாரி உள்ளே ஓடிவந்து, நம் ஆட்கள் கொடிகளில் இருந்து பேரரசரின் கழுகைக் கிழித்துவிட்டு உங்கள் சின்னத்தை நடுகிறார்கள் என்று உளறிவிடுகிறார். வீரர்களின் தலைவன் ஒரே ஒரு கட்டளை போடுகிறான்: "வலப்பக்கம் திரும்பு!" அவ்வளவுதான், பத்துப் பேரும் வெளியே. அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லுங்கள்.

அந்த நாடகத்தில் கொல்லப்படுவதற்குச் சற்று முன் வாலன்ஸ்டைன் சொல்வது: "ஒரு நீண்ட தூக்கம் தூங்கப்போகிறேன், இந்தக் கடைசி நாட்களின் வேதனை பெரிது. என்னைச் சீக்கிரம் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." கொலையாளிகள் ஏற்கெனவே வீட்டை நெருங்கிவிட்டது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரைக் காட்டிக்கொடுத்த ஒக்டாவியோ பிக்கொலோமினிக்கு முடிவில் ஓர் அரச கடிதம் வருகிறது. மேலே விலாசம்: "இளவரசர் பிக்கொலோமினிக்கு." பதவி உயர்வு! அந்தப் பட்டத்தைத் தனக்குப் பின் சுமக்க வேண்டிய ஒரே மகன் மாக்ஸ் போரில் செத்துவிட்டான். தகப்பன் வானத்தைப் பார்க்கிறான், நாடகம் முடிகிறது.

"புரட்சி தன் பிள்ளைகளையே தின்னும்" என்பது யார் சொன்னது?
– வாசகர், புதுச்சேரி

பிரெஞ்சுப் புரட்சியின்போது வெர்ஞியோ என்ற தலைவர் சொன்னது, சனி என்ற பழைய ரோமானியக் கடவுள் தன் பிள்ளைகளை விழுங்கியதை வைத்து. அவரும் 1793இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில்தான் போனார். ஆனால் உலகத்தில் பரவலாகத் தெரிந்தது புரட்சித் தலைவர் டான்டனின் முடிவைச் சொல்லும் கேயோர்க் பியூஷ்னரின் 'டான்டனின் மரணம்' நாடகம் வழியாக. 1835இல் எழுதும்போது அவருக்கு 21 வயது, அரசுக்கு எதிரான துண்டறிக்கைக்காகப் போலீஸ் எப்போது கதவைத் தட்டுமோ என்ற நிலையில், சில வாரங்களில் எழுதி முடித்தார். புரட்சிக்காரர்கள் உண்மையில் பேசிய பேச்சுகளைச் சரித்திர நூல்களிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். 23 வயதில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துவிட்டார். நாடகம் மேடையேறியது 1902இல்தான்.

அதன் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. டான்டனின் கூட்டாளியான கணவன் கமில் தலை வெட்டப்பட்ட பிறகு, லூசில் தனியாகக் கில்லட்டின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ரோந்து வருகிறவர்கள் யார் அங்கே என்கிறார்கள். கொஞ்சம் யோசித்து, திடீரென்று முடிவெடுத்தவளாகக் கத்துகிறாள்: "ராஜா வாழ்க!" அவளுக்கு ராஜா மேல் எந்தப் பாசமும் இல்லை. கணவன் போன இடத்துக்குப் போக அந்த ஊரில் அன்றைக்கு இதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது. குடியரசின் பெயரால் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

லெஸ்ஸிங்கின் 'நாத்தான்' இந்தப் பட்டியலில் சேருமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாக. ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் இந்த நாடகம் 1779இல் வெளியானது, சலாவுதீன் ஆண்ட ஜெருசலேமில் நடக்கிறது. எந்த மதம் உண்மையானது என்று கேட்டதற்கு யூதரான நாத்தான் சொல்லும் மூன்று மோதிரக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது வேறு. அநாதையான கிறிஸ்தவக் குழந்தையை ஒரு யூதர் எடுத்து மகளாக வளர்த்தால் என்ன தண்டனை என்று தலைமைக் குருவிடம் ஒருவன் கேட்கிறான். அவர் வளர்க்காவிட்டால் குழந்தை செத்திருக்குமே, அன்பாக வளர்த்தாரே என்று ஒவ்வொரு நியாயமாக எடுத்து வைக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "பரவாயில்லை! அந்த யூதன் எரிக்கப்படுவான்." மூன்று முறை. வெறியைக் காட்ட இதைவிடக் குறைந்த சொற்கள் போதாது, அதிகம் தேவையும் இல்லை. நாஜிகள் இந்த நாடகத்தைப் பொது மேடைகளில் ஏற விடவில்லை. போர் முடிந்து 1945 செப்டம்பரில் பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் திரும்பத் திறந்தபோது முதலில் போட்டது இதைத்தான்.

இவற்றில் எதை முதலில் படிக்கலாம்?
– வாசகர், சேலம்

'மரியா ஸ்டூவர்ட்'. அளவானது, கதாபாத்திரங்கள் குறைவு, சரித்திரமும் ஓரளவு தெரிந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் 'டெல்'. 'டான் கார்லோஸ்' ரொம்ப நீளம், நடுவில் கடிதங்கள் கைமாறுவதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று குழப்பமாக இருக்கும், மூன்றாம் அங்கத்தின் பத்தாம் காட்சி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். 'வாலன்ஸ்டைன்' கடைசியில். அதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஒரு வார இறுதிக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். முடிந்தவரை சத்தமாகப் படியுங்கள், எல்லாமே வாயால் பேச எழுதியவை.